திருக்கடையூரில் அறுபது

நம் நாட்டில் ஒரு மனிதர் தம் சொந்த மனைவியையே இரண்டாம் தடவை கல்யாணம் செய்து கொள்ள இடம் இருக்கிறது. முதல் கல்யாணத்தைப் பெரியவர்கள் பார்த்து நடத்தி வைக்கிறார்கள். இரண்டாவதைச் சிறியவர்கள் பார்த்து நடத்தி வைக்கிறார்கள். முதல் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவதின்போதோ தெரியாதது ஒன்றும் பாக்கி இராது. அவ்வளவும் தெரிந்த பிறகும் மாலை மாற்றிக் கொள்ள இருவரும் முன்வருகிறார்களே, அதுதான் சஷ்டியப்த பூர்த்தி என்னும் அறுபதாம் கல்யாணத்தின் பெருமை என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த வைபவத்தைத் தம் வீட்டுக் கூடத்திலேயே நடத்துவோர் அநேகர். ஆயினும், தமிழ் நாட்டில் அறுபது என்று சொன்னவுடன் ஜனங்களின் நினைவுக்கு வரும் ஊர் ஒன்றுதான். அது மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடலுக்கு அருகில் இருக்கும் திருக்கடையூர். தேவாரம் பாடியவர்கள் அதைத் திருக்கடவூர் என்றனர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய ஸ்தலம் அது. நம் நண்பர் ஒருவருக்கு 2025 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அறுபது நிறைந்தது. அவருடைய குடும்பத்தாருடன் நாமும் அந்த ஊருக்குப் பிரயாணம் செய்தோம்.

அறுபதின் கணக்கு

ரயிலில் ஏறுவதற்கு முன்னால், இந்த அறுபது என்னும் எண்ணுக்கு என்ன அப்படி ஒரு விசேஷம் என்பதைக் கொஞ்சம் பார்த்து விடலாம்.

நம் பஞ்சாங்கத்தில் வருஷங்களுக்குப் பெயர் உண்டு. பிரபவ முதல் அட்சய வரையில் அறுபது பெயர்கள். அறுபதும் தீர்ந்தால் மறுபடியும் பிரபவ. 1965 சித்திரையில் பிறந்தது விசுவாவசு வருஷம். அதே விசுவாவசு மறுபடியும் வந்தது 2025 சித்திரையில். ஆகவே ஒருவர் பிறந்த வருஷமும், பிறந்த மாதமும், ஜன்ம நட்சத்திரமும் மூன்றும் சேர்ந்து முதல் தடவையாகத் திரும்பி வரும் நாள் எதுவோ அதுதான் அறுபது நிறையும் நாள். நம் நண்பர் விசுவாவசு ஆவணியில் பிறந்தவர். விசுவாவசு ஆவணியிலேயே மறுபடி மணமேடை ஏறினார்.

இந்த அறுபது வானத்திலிருந்து வந்த எண். குருவாகிய வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 12 வருஷம் ஆகிறது. சனிக்கு ஏறக்குறைய 30 வருஷம். இரண்டுக்கும் பொதுவான எண் 60 அல்லவா? குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, நாம் பிறந்தபோது இருந்த இடங்களுக்கு அருகே வந்து நிற்கும் காலம் அது. இன்றைய வானநூலார் இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, குருவுக்கு 11.86 வருஷம், சனிக்கு 29.46 வருஷம் என்கிறார்கள். அந்தக் கணக்கின்படி ஐந்து சுற்றும் இரண்டு சுற்றும் 59 வருஷத்தை ஒட்டியே முடிந்து விடுகின்றன. சில மாத வித்தியாசம்தான். தூரதர்சனிக் கண்ணாடி இல்லாமல் வெறுங் கண்ணால் பார்த்து இவ்வளவு தூரம் கண்டுபிடித்தவர்களை நாம் மெச்சத்தான் வேண்டும்.

அறுபதைக் கொண்டாடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியது அன்று. சீன தேசத்திலும் வருஷங்கள் அறுபதுதான். கொரியாவில் அறுபது நிறைந்தவருக்குப் பெரிய விருந்து நடத்துவர். ஜப்பானில் அன்றைய தினம் சிவப்பு நிறத்தில் மேலாடையும் குல்லாவும் அணிவிப்பர். குழந்தைகளுக்கு உரிய நிறம் சிவப்பு என்பது அவர்கள் கொள்கை. அறுபது நிறைந்தவர் புதிதாகப் பிறந்த குழந்தை என்பது கருத்து.

சரி, அறுபது வயது என்பது முதுமையா? ஜோதிட நூலார் இதற்கு வேறு விடை வைத்திருக்கிறார்கள். ஒன்பது கிரகங்களின் தசைகளையும் கூட்டினால் 120 வருஷம். அதுவே மனிதனுக்குப் பூரண ஆயுள். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அறுபது என்பது சரி பாதி. மலையேறுகிறவன் உச்சியில் நின்று, வந்த வழியையும் போக வேண்டிய வழியையும் பார்க்கும் இடம் அது.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நாட்டுக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 1951 வாக்கில் இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தைக்கு எதிர்பார்க்கக் கூடிய சராசரி ஆயுள் சுமார் 32 வருஷந்தான். சிசுக்கள் ஏராளமாக மடிந்ததே இதற்கு முக்கிய காரணம். எனினும் பிழைத்து வளர்ந்தவர்களிலும் அறுபதைக் கண்டவர்கள் குறைவே. அம்மையும் காலராவும் மலேரியாக் காய்ச்சலும் பிரசவமும் யாரை எப்போது கொண்டு போகும் என்று சொல்ல முடியாத காலத்தில், கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல் அறுபதைத் தாண்டி நின்றார்கள் என்றால் ஊரே கூடிக் கொண்டாடியதில் வியப்பில்லை. இன்று அந்தச் சராசரி 70 ஐ ஒட்டி வந்து விட்டது. கொண்டாட்டத்தின் காரணம் மாறி விட்டது. கொண்டாட்டம் மட்டும் மாறவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து

சென்னை எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும் முன்பே மயிலாடுதுறையில் இறங்கலாம். மாயவரம் என்று பெரியவர்கள் வழங்கிய அதே ஊர்தான். 1982 ஆம் ஆண்டில் பழைய தமிழ்ப் பெயர் மறுபடியும் சூட்டப்பட்டது. 2020 முதல் தனி ஜில்லாவின் தலைநகராகவும் ஆகிவிட்டது. அங்கிருந்து திருக்கடையூர் சுமார் 22 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்துக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரையில் 1926 இல் போடப்பட்ட சிறு பாதை அது. வயல்களின் நடுவே அசைந்து அசைந்து சென்ற அந்த வண்டியை 1980களில் நிறுத்தி விட்டார்கள். நண்பரின் தாயாருக்கு வயது 82. அவர் பெண்ணாக இருந்த காலத்தில் அந்த வண்டியில் போனவராம். "இறங்கி ஒரு வெள்ளரிப் பிஞ்சு பறித்துக் கொண்டு ஓடி வந்து மறுபடி ஏறலாம், அவ்வளவு நிதானம்!" என்று அவர் சொன்னபோது, பேரக் குழந்தைகள் நம்பவில்லை. நாம் நம்பினோம்.

இப்போது பஸ்களும் கார்களும் மன்னம்பந்தல், செம்பொன்னார்கோயில், ஆக்கூர் ஆகிய ஊர்களின் வழியாகப் போகின்றன. ஆவணி மாதத்தில் இந்தச் சாலையின் இரு புறமும் கண்ணுக்கு விருந்துதான். ஒரு வயலில் குறுவைக் கதிர் தலை சாய்ந்து நிற்கிறது; அடுத்த வயலில் சம்பாவுக்காகச் சேறு கலக்குகிறார்கள்; அதற்கடுத்த வயலில் நாற்றங்கால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது. ஒரே சமயத்தில் ஒரு பயிருக்கு முதுமை, இன்னொன்றுக்குக் குழந்தைப் பருவம். முதிர்ந்த வயலைப் பார்த்து யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்வதில்லை. அறுவடைக்கு ஆயிற்று என்றுதான் சொல்கிறார்கள்.

நண்பர் அந்த வயல்களைப் பார்த்துக் கொண்டே வந்தார். சர்க்கார் காரியாலயம் ஒன்றில் 35 வருஷம் உழைத்தவர் அவர். வெள்ளைக்காரர் காலத்தில் உத்தியோகஸ்தர்கள் 55 வயதில் விலகினார்கள். பிறகு 58 ஆயிற்று. தமிழ் நாட்டில் 2020 இல் 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆகவே நம் நண்பருக்குச் சஷ்டியப்த பூர்த்தியும் உத்தியோக பூர்த்தியும் ஒரே மாதத்தில் வந்து வாய்த்தன. "கல்யாணத்துக்கு ரஜா கேட்டேன், இதுதான் கடைசி ரஜா என்று எழுதிக் கொடுத்தார்கள்" என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஆக்கூர் வரும் வரையில் அவர் ஒன்றும் பேசவில்லை.

பதினாறும் அறுபதும்

திருக்கடையூர்க் கோயில் மேற்கு நோக்கிய கோயில். ஏழு நிலைக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிகிறது. சிவபெருமான் வீரச் செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டு வீரட்டானங்களில் இது ஒன்று; யமனையே உதைத்த இடம் இது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததே. மிருகண்டு முனிவருக்கு வெகு காலம் பிள்ளை இல்லை. நூறாண்டு வாழும் மூடப் பிள்ளை வேண்டுமா, பதினாறே ஆண்டு வாழும் நல்ல பிள்ளை வேண்டுமா என்று இறைவன் கேட்க, நல்ல பிள்ளையே போதும் என்றார் அவர். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு நிறைந்த அன்று யமன் பாசத்தை வீசினான், பிள்ளை சிவலிங்கத்தைக் கட்டிக் கொண்டான், பாசம் லிங்கத்தையும் சேர்த்து வளைத்தது, லிங்கம் பிளந்தது, காலன் உதைபட்டு விழுந்தான். என்றும் பதினாறாக இருக்க வரம் பெற்றான் மார்க்கண்டேயன்.

தெற்கு நோக்கிய தனிச் சந்நிதியில் காலசம்ஹார மூர்த்தி எழுந்தருளியிருக்கிறார். தெற்கு யமனுடைய திக்கு. ஆகவே அந்த மூர்த்தி யமன் வரும் வழியைப் பார்த்துக் கொண்டே நிற்கிறார் எனலாம். அவர் திருவடியின் கீழ் யமன் கிடக்கிறான். அந்தச் செப்புத் திருமேனியைத் தீபாராதனை வெளிச்சத்தில் பார்த்த கணத்தில், கூட்டத்தில் இருந்த நரைத்த தலைகள் எல்லாம் ஒரு விநாடி அசையாமல் நின்றன. மற்றக் கோயில்களில் ஜனங்கள் பணம் கேட்கிறார்கள், உத்தியோகம் கேட்கிறார்கள். இங்கே கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னும் கொஞ்சம் காலம்."

என்றும் பதினாறாக நின்ற பிள்ளையின் ஊருக்கு அறுபது வயதுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவது வேடிக்கையாக இல்லையா? நாம் யோசித்துப் பார்த்தோம். பதினாறுக்கு நாள் குறித்து விட்டார்கள்; அந்த நாள் வந்தது; வந்த நாள் தாண்டிப் போயிற்று. அறுபதுக்காரர்கள் வேண்டுவதும் இதுதானே? குறித்த நாள் ஒன்று எங்கோ இருக்கிறது. அது வந்து, தம்மைத் தொடாமல் தாண்டிப் போக வேண்டும்.

சுவாமிக்கு அமிர்தகடேசுவரர் என்று பெயர். தேவர்கள் கடலைக் கடைந்து எடுத்த அமிர்த கடம் இங்கே லிங்கமாகி விட்டதென்பது ஸ்தல புராணம். அம்பிகை அபிராமி, கிழக்கு நோக்கிய சந்நிதியில் இருக்கிறாள். தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி காலத்தில் இங்கே வாழ்ந்த பட்டர் ஒருவர், அம்பிகையின் முக ஒளியில் மூழ்கியிருந்தபோது, அமாவாசையைப் பௌர்ணமி என்று அரசரிடம் சொல்லி விட்டாராம். சொன்னதை மெய்ப்பிக்க அவர் பாடியது அபிராமி அந்தாதி. அம்பிகை தன் தோட்டை வீசி எறிய, அது வானத்தில் நிலவாக எரிந்தது என்பார்கள். தை அமாவாசையன்று இன்றும் அந்த நிகழ்ச்சியைக் கொண்டாடுகிறார்கள்.

அந்தாதி என்னும் அமைப்பை இந்த ஊரில் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டுத் தொடங்குகிறது. நூறாவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் வந்து சேருகிறது. அட்சய வருஷம் முடிந்து பிரபவ பிறப்பதும் அப்படித்தான். அறுபது வருஷமும் ஓர் அந்தாதி.

கலசம் எத்தனை?

ஊருக்குள் நுழைந்ததும் நம்மை முதலில் வரவேற்றது ஒரு கேள்வி. "எத்தனை கலசம், சார்?"

ஓட்டலில் "எத்தனை இட்லி?" என்று கேட்பதுபோல அவ்வளவு சகஜமாகக் கேட்டார் ஒரு தரகர். 16, 32, 64 என்று கலசங்களுக்குத் தக்கபடி ஹோமங்களும், ஹோமங்களுக்குத் தக்கபடி தட்சிணையும், தட்சிணைக்குத் தக்கபடி சாப்பாடும் பட்டியல் போட்டு வைத்திருந்தார். 59 முடிந்து 60 தொடங்குகையில் உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70 இல் பீமரத சாந்தி, 80 தாண்டினால் சதாபிஷேகம் என்று வயது வாரியாகவும் பட்டியல் உண்டு. சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்ட விழா என்பர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள் என்று கொண்டு கணக்குப் போட்டால், ஆயிரம் பௌர்ணமிக்கு 80 வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. கணக்குச் சரியாகவே இருக்கிறது.

வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் இங்கே இந்த வைபவங்கள் நடக்கின்றன. ஜன்ம நட்சத்திரமே முகூர்த்தம் ஆகையால், ஆடி, மார்கழி என்று பார்ப்பதில்லை. நாம் சென்ற அன்று மண்டபத்தின் தூணுக்குத் தூண் ஒரு கல்யாணம் நடந்து கொண்டிருந்தது. ஒரு தூணில் தெலுங்கு, ஒரு தூணில் மலேயாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம், ஒரு தூணில் பெங்களூர்க்காரர்கள். ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக் கொண்ட ஒரு பேரன் வேறு தாத்தாவின் மடியில் போய் உட்கார்ந்து விட்டான்; அந்தத் தாத்தாவும் ஆட்சேபிக்கவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பணம் போடுகிறவர்கள் பிள்ளைகள். நகரத்தில் வீட்டுக் கடனுக்கும் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் நடுவில் மூச்சு விடுகிறவர்கள் அவர்கள். ஊரார் மெச்ச வேண்டும் என்று 64 கலசம் வைத்துக் கடனும் வைப்பதில் பெற்றோருக்கு என்ன ஆயுள் விருத்தி? நம் நண்பர் இதை நன்றாக அறிந்தவர். "பதினாறே போதும். மார்க்கண்டேயனுக்கே பதினாறுதான்!" என்று ஒரே பேச்சில் தரகரை மடக்கி விட்டார்.

இந்த ஊரில் ஏழ்மைக்கு இடம் இல்லாமல் இல்லை. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான குங்கிலியக் கலயர் இங்கே வாழ்ந்தவர். வீட்டில் அரிசி இல்லாத நாளில் மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொன்னாள். அவரோ வழியில் குங்கிலிய மூட்டையைக் கண்டு, தாலிப் பொன்னைக் கொடுத்து அதை வாங்கி, கோயிலுக்குத் தூபம் போட்டு விட்டார். இறைவன் அருளால் வீடு நிறைய நெல் குவிந்தது என்று பெரிய புராணம் கூறுகிறது. கலயரின் பக்தியை எல்லோரும் பாடுகிறார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்து விட்டுப் பசித்த குழந்தைகளோடு வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த அந்த அம்மாளின் பெயர் யாருக்கும் தெரியாது. இன்று நாள்தோறும் புதுத் தாலி ஏறும் ஊரில், அந்த வெறுங் கழுத்தையும் ஒரு கணம் நாம் நினைத்துக் கொண்டோம்.

முதல் குடம்

காலையில் கோபுர வாசலில் கோபூஜையும் கஜபூஜையும் நடந்தன. பிறகு மாலை மாற்றினார்கள். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், மிருத்யுஞ்ஜய ஹோமம் ஆனபின், மந்திரம் ஜபித்த கலசங்களில் இருந்த தண்ணீரைத் தம்பதிகளின் தலையில் ஊற்றும் கட்டம் வந்தது. இதுதான் வைபவத்தின் உயிரான இடம். பிள்ளைகளும் பெண்களும் மருமக்களும் வரிசையாக வந்து அபிஷேகம் செய்வார்கள். எந்தக் கைகளைப் பிடித்துக் குளிப்பாட்டினார்களோ அந்தக் கைகள் இப்போது இவர்களைக் குளிப்பாட்டும்.

வரிசை நின்றது. ஆனால் யார் முதலில் என்பதில் ஒரு தயக்கம். நண்பரின் தாயார் மண்டபத்தின் கோடியில், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் காலமாகி 20 வருஷம் ஆகிறது. யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. இம்மாதிரி சமயங்களில் நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. தாமாகவே ஒதுங்கி உட்கார அவர்கள் பழகியிருக்கிறார்கள். ஒதுங்கியதைக் கவனியாதிருக்க நாம் பழகியிருக்கிறோம்.

மணையில் உட்கார்ந்திருந்த நண்பரின் மனைவி எழுந்தார். பட்டுப் புடவையும் மாலையுமாக மண்டபத்தைக் கடந்து போய் அந்தத் தூண் அருகே நின்றார்.

"அத்தை, நீங்கள் வாருங்கள்."

"நான் எதற்கு அம்மா? சுமங்கலிகள் செய்யட்டும். நான் இங்கிருந்தே பார்க்கிறேன்."

"நீங்கள் பெற்றவருக்குத்தானே அறுபது? நீங்கள் ஊற்றாமல் வேறு யார் முதலில் ஊற்றுவது?"

கிழவி சாஸ்திரிகளைப் பார்த்தார். எல்லோரும் சாஸ்திரிகளைப் பார்த்தார்கள். அவர் வயதில் சிறியவர். கலசத்தைக் கையில் எடுத்துக் கொண்டு, "பெற்ற தாய்க்குத் தடை ஏது, பாட்டி? வாருங்கள், நாழியாகிறது" என்றார். அவ்வளவுதான் விஷயம். அதற்காக எத்தனை கல்யாணங்களில் எத்தனை தூண்களின் பின்னால் எத்தனை தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

82 வயதுக் கைகள் நடுங்கின. கலசத்தின் அடியைப் பேரன் தாங்கிக் கொண்டான். தலையில் தண்ணீர் விழுந்தபோது, காரியாலயத்தில் அநேகரை அதட்டி வேலை வாங்கிய நம் நண்பர், கண்ணை இறுக மூடிக் கொண்டு குளிருக்கு அஞ்சும் குழந்தைபோல் தோளைச் சுருக்கிக் கொண்டார். ஜப்பானியர் சிவப்புச் சட்டை போடுவதன் பொருள் நமக்கு அப்போது நன்றாக விளங்கியது.

புது வஸ்திரம் உடுத்து வந்து திருமாங்கல்ய தாரணம் நடந்தது. நாதஸ்வரம் கெட்டிமேளம் முழங்கியது. நண்பர் முடிச்சுப் போடக் கண்ணாடியைத் தேடினார். மனைவி தம் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் கல்யாணத்தில் இந்தச் சௌகரியம் ஏது?

ஒரு கேள்வி

சாப்பாட்டுப் பந்தியில் நண்பரின் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பாவுக்கு அறுபது ஆயிற்று. அம்மாவுக்கு அறுபது ஆகும்போது என்ன செய்வது?"

யாரும் பதில் சொல்லவில்லை. பாயசம் மட்டும் வந்தது.

கேள்வி சாதாரணக் கேள்வி அன்று. தம்பதிகள் இருவரும் மணையில் உட்கார்ந்தாலும் கணக்கில் ஏறுவது கணவரின் வயதே. மனைவிக்கு அப்போது 52 ஆகவும் இருக்கலாம், 58 ஆகவும் இருக்கலாம். அவள் பிறந்த வருஷமும் திரும்பி வருகிறது. அவள் ஜாதகத்திலும் குரு ஐந்து தடவையும் சனி இரண்டு தடவையும் சுற்றி வருகின்றன. கிரகங்கள் ஆண் என்றும் பெண் என்றும் பார்த்துச் சுற்றுவதில்லை. ஆனால் அந்த நாள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் வருகிறது. அன்றைக்கும் அவள் வழக்கம்போல் விடியற்காலையில் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். கணவரை இழந்தவளுக்கோ, மணம் புரியாதவளுக்கோ கேட்கவே வேண்டாம்.

மேலும், ஆணுக்கு அறுபதில் உத்தியோகம் ஓய்கிறது. மாலை போட்டு வழியனுப்புகிறார்கள். பெண்ணின் உத்தியோகத்துக்கு ஓய்வு வயதை எந்தச் சர்க்காரும் இன்னும் நிர்ணயிக்கவில்லை. கணவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கினால் காப்பியின் எண்ணிக்கை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை!

பழைய வழக்கத்தைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. பிறந்த நாளுக்கு ஆயுஷ்ய ஹோமம் செய்ய ஜோடி தேவையில்லை. குழந்தைக்கும் செய்கிறோம், தனித்திருப்பவருக்கும் செய்யலாம். ஹோமம் வேண்டாதவர்கள் வீட்டில் விளக்கேற்றி, உறவினரைக் கூப்பிட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் போதும். வேண்டியது கலசங்களின் எண்ணிக்கை அன்று. இன்னார் பிறந்து அறுபது வருஷம் ஆயிற்று, அதில் எங்களுக்குச் சந்தோஷம் என்று நாலு பேர் கூடிச் சொல்வதே.

தரங்கம்பாடிக் கரையில்

திருக்கடையூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாலையில் தரங்கம்பாடிக்குப் போகிறார்கள். தெற்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர்தான். 1620 இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது. 1706 இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845 இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்று விட்டுப் போனார்கள். ஆங்கிலேயர் விற்காமலே போனார்கள்.

கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரர் காலத்தில், 1306 ஆம் ஆண்டில் எழுந்த கோயில். அதன் முன் பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று விட்டது. 2004 டிசம்பர் 26 ஆம் தேதி இதே கடல் எழுந்து வந்து இந்த ஊரில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயிற்று. அவர்களில் குழந்தைகள் உண்டு. அறுபதைப் பற்றி நினைத்தே பாராத இளைஞர்கள் உண்டு. காலனை உதைத்த ஊர் எட்டுக் கிலோமீட்டரில் இருக்க, காலன் வந்து போன கரை இது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லதென்றே நமக்குத் தோன்றியது. அறுபது நிறைவது சாமர்த்தியத்தால் அல்ல. அது ஒரு கொடை. வாங்கிக் கொண்டவன் தலை நிமிர்த்திக் கொள்ளாமல் கொஞ்சம் தலை குனிய வேண்டிய கொடை.

கிழவியும் பேரக் குழந்தைகளும் அலையில் கால் நனைத்துக் கொண்டிருந்தார்கள். நண்பரும் அவர் மனைவியும் மணலில் உட்கார்ந்திருந்தனர்.

"ஊருக்குப் போனதும் என் ஜாதகத்தைத் தேடி எடுக்க வேண்டும்" என்றார் அந்த அம்மாள்.

"எதற்கு?"

"நான் பிறந்த வருஷத்துக்கு என்ன பெயர் என்று பார்க்கத்தான்."

நண்பர் கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். 35 வருஷம் கணக்குப் பார்த்த விரல்கள் அல்லவா? "பிலவங்க" என்றார். பிறகு, "2027 சித்திரையில் வருகிறது. எத்தனை கலசம் வேண்டும், இப்போதே சொல்லி விடு" என்றார்.

பிலவங்க வருஷத்தில் அழைப்பு வந்தால் நாம் போவதாக இருக்கிறோம்.